அசலூர் மாப்பிள்ளையும் பாலக்கரை டூட்டியும்

மண்டபத்தில் எல்லோரும் தாலி கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் வாசலில் நின்ற பைக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கெட்டிமேளம் முழங்கியது. சுற்றி இருந்தவர்கள் அட்சதை போட்டு முடித்துவிட்டார்கள். என் கையில் அரிசி அப்படியே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார்.

"தனம், பொண்ணு மாப்பிள்ள அந்தப் பக்கம் இருக்காங்க. நீ என்னா வாசலையே பாத்துக்கிட்டு கீற?"

"நல்லூர் ரோட்டு ஆளுங்க எல்லாரும் வந்திருக்காங்க."

"கல்யாணத்துக்கு ஆளு வந்தா நல்லதுதான?"

"கருவேப்பிலங்குறிச்சி ரோட்டு ஆளுங்களும் வந்திருக்காங்க. திட்டக்குடிப் பக்கம் மங்களூர்லேர்ந்து வேன் வெச்சுக்கிட்டு வந்திருக்காங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் என்ன கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவளே நான்தான். மாப்பிள்ளை சுடலைமுத்து எங்கள் போக்குவரத்துப் பிரிவின் காவலர். நான் அந்தப் பிரிவின் ஏட்டு. யார் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று டூட்டி போடுவது என் வேலை. பெண் வீட்டுக்கு உறவுக்காரர்கள் அதிகம் கிடையாது என்று நன்றாக விசாரித்து, திருப்திப்பட்டு, அதற்குப் பிறகுதான் சம்பந்தமே பேசினேன். இங்கே பார்த்தால் மண்டபத்தில் உட்கார இடமில்லை.

உறவுக்காரர்களுக்கும் டிராஃபிக் டூட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன்.

தாளிலும் தரையிலும்

எங்கள் பிரிவுக்கு எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று தாளில் ஒரு எண் உண்டு. அதை இங்கே எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். தரையில் நின்றவர்கள் எஸ்.ஐ. ஐயாவையும் என்னையும் சேர்த்து ஆறு பேர். கூட ஊர்க்காவல் படையிலிருந்து இரண்டு பேர் வருவார்கள், அவர்கள் வீட்டில் அறுவடை இல்லாத நாட்களில்.

பாலக்கரை, பஸ் ஸ்டாண்டு வாசல், கடைவீதி, ரயில்வே ரோடு என்று நிற்க வேண்டிய இடங்கள் நிறைய. எங்காவது மந்திரி வருகிறார் என்றால் நாலு பேரைப் பந்தோபஸ்துக்கு அழைத்துக்கொள்வார்கள். மிச்சம் நானும் எஸ்.ஐ.யும் நிற்போம். அவருக்குத் தொப்பை, எனக்கு முட்டிவலி. போன வாரம் முட்டிவலியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு நான்கு வாசகிகள் தைலம் சிபாரிசு செய்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாகிவிட்டது, நன்றி.

ஆள் குறைவுகூடப் பெரிய கஷ்டம் இல்லை. பெரிய கஷ்டம், இருந்தவர்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள் என்பதுதான். எங்கள் பக்கத்தில் ஒருவரை நிறுத்தி லைசென்ஸ் கேட்டால், அவர் லைசென்ஸை எடுப்பதற்கு முன்பு சொந்தத்தை எடுப்பார். "நீங்க யாரு, நம்ம பெரியசாமி மருமவன்தான?" என்று ஆரம்பித்து இரண்டு நிமிடத்தில் உங்களைத் தம்பி ஆக்கிவிடுவார். தம்பி அண்ணன் மேல் எப்படிக் கேஸ் போடுவது?

எங்கள் காவலர் முருகவேல் ஒருமுறை போட்டான். ஹெல்மெட் இல்லாமல் வந்த ஆள் அவன் மனைவியின் சித்தப்பா என்று தெரிந்தும், புதுசாக அபராதச் சீட்டு மெஷின் கைக்கு வந்த வேகத்தில் பட்டனை அழுத்திவிட்டான். சித்தப்பா சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரி மாப்ள, வூட்டுல பேசிக்கிறோம்" என்று மட்டும் சொன்னார். மூன்று நாள் முருகவேல் ஓட்டலில் சாப்பிட்டான். நாலாவது நாள் எஸ்.ஐ. ஐயாவே அவன் மனைவியிடம் போய்ப் பேச வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. யாருடைய உறவுக்காரர்கள் எந்த ரோட்டில் வருகிறார்களோ, அந்த ரோட்டில் அவரை நிறுத்தக் கூடாது. அதற்காக நான் தனியாக ஒரு நோட்டே போட்டேன். ஒவ்வொருவருக்கும் நாலைந்து பக்கம். மாமியார் ஊர், கொழுந்தனார் வேலைக்குப் போகும் வழி, மச்சான் வண்டியின் நிறம், சந்தைக்கு வரும் கிழமை எல்லாம் அதில் இருக்கும். முகூர்த்த நாள் என்றால் நோட்டுக்கே தலை சுற்றும். எல்லா ஊர் உறவும் எல்லா ரோட்டிலும் கலந்து வரும். அன்றைக்கு யாரை எங்கே போடுவது என்று எழுதி எழுதி அடிப்பேன்.

வெற்றுப் பக்கம்

அப்படிப்பட்ட நேரத்தில்தான் சுடலைமுத்து வந்து சேர்ந்தான். ஒரு மழை நாள். தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்திருந்தான். காலை ரோல்காலில் எஸ்.ஐ. ஐயா அவனிடம் கேட்ட முதல் கேள்வி பெயர்கூட இல்லை.

"இந்த ஊர்ல உனக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"ஒருத்தரும் கெடையாது ஐயா."

"சிதம்பரம், பண்ருட்டி, திட்டக்குடி?"

"விழுப்புரத்துக்கு வடக்க எது தெக்க எதுன்னே எனக்குத் தெரியாது ஐயா."

எஸ்.ஐ. ஐயா நாற்காலியிலிருந்து எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். புதுக் காவலருக்கு ஒரு எஸ்.ஐ. கை கொடுத்ததை என் சர்வீஸில் அன்றுதான் பார்த்தேன்.

நோட்டில் சுடலைமுத்து என்று எழுதி ஒரு பக்கம் ஒதுக்கினேன். பக்கம் காலியாகவே இருந்தது. டூட்டி போட முடியாமல் எரிச்சல் வருகிற நாட்களில் அந்தப் பக்கத்தைத் திறந்து சும்மா பார்ப்பேன், மனசுக்கு இதமாக இருக்கும்.

அவனைப் பாலக்கரையில் போட்டோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டமாகக் கடக்கிற இடம் அது. அதுவரை தினம் ஒரு ஆளாக மாற்றி மாற்றி ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். இவன் வந்த பிறகு அந்த முனை அடங்கியது. யாராக இருந்தாலும் ஒரே மாதிரி கை காட்டினான், ஒரே மாதிரி சீட்டு கொடுத்தான். பிள்ளைகள் அவன் கையைப் பார்த்து ஓடாமல் நடந்து கடக்கப் பழகினார்கள். ஒரு குட்டிப் பெண் தினமும் அவனுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் போகும். அவனும் விறைப்பாக நின்று பதில் வணக்கம் வைப்பான்.

ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது. ஒரு நாள் தபால் கட்டில் அவன் மனு இருந்தது, சொந்த மாவட்டத்துக்கு மாற்றல் கேட்டு. எல்லாத் தாளும் என் கை வழியாகத்தான் போக வேண்டும். அவன் போனால் பதில் ஆள் வர மாட்டார். பாலக்கரை மறுபடியும் பழைய பாலக்கரைதான்.

கூப்பிட்டுக் கேட்டேன்.

"அம்மை தனியா கெடக்காக்கா" என்றான். "இங்கன ஒரு வீடு வாசல்னு ஆச்சுன்னா அம்மையக் கூட்டிட்டு வந்துருவேன். நான் போலீஸ் லைன் வீட்டு ரூம்ல மூணு பேரோட கெடக்கேன். அம்மைய எங்க வைக்க?"

"கல்யாணம் பண்ணிக்கிட்டா இங்கியே இருந்துடுவியா?"

"எனக்கு இந்த ஊர்ல யாருக்கா பொண்ணு குடுப்பாக?"

"பாலக்கரையில நிக்கிறது புடிச்சிருக்குதா, இல்லியா? அத மொதல்ல சொல்லு."

"அந்தப் புள்ளைகள வுட்டுட்டுப் போகத்தான் மனசு வரல" என்றான்.

அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. மனுவை மேஜை டிராயருக்குள் வைத்துவிட்டு, பெண் பார்க்கக் கிளம்பினேன்.

எந்த ரோடு?

உலகத்தில் எல்லோரும் பெண் பார்க்கும்போது குணம், படிப்பு, வேலை பார்ப்பார்கள். நான் அதோடு இன்னொன்றும் பார்த்தேன். கட்டிக்கொண்ட பிறகும் அவன் பக்கம் காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்யாணம் செய்து வைத்து என்ன பயன்?

எங்கள் ஜெயந்தி, பஸ் ஸ்டாண்டு வாசலில் நிற்கிற காவலர், ஒரு நல்ல பெண்ணைச் சொன்னாள். பெண்ணுக்கு ஒன்பது சித்தப்பா, பெரியப்பா. வேண்டாம் என்றேன். இன்னொரு பெண் தங்கமான பெண். ஆனால் அவள் அண்ணன் ஒரே பைக்கில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போவதை நானே இரண்டு தடவை பிடித்திருக்கிறேன். ஒவ்வொரு முறை நான் பெண் பார்த்துவிட்டு வரும்போதும் எஸ்.ஐ. ஐயா, "பொண்ணு எப்படிங்க ஏட்டம்மா?" என்று கேட்க மாட்டார். "எந்த ரோடு?" என்றுதான் கேட்பார்.

கடைசியில் பூங்கொடி கிடைத்தாள். செராமிக் பேட்டையில் ஒரு பட்டறையில் சரக்கு பார்க்கிற வேலை. சூளையிலிருந்து வருகிற கோப்பைகளை விரலால் ஒரு தட்டுத் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசலைச் சொல்லிவிடுவாள். அப்பா கலியமூர்த்தி அதே பேட்டையில் சூளைக்காரர். பூங்கொடி ஒரே பெண். கலியமூர்த்தியும் அவர் வீட்டில் ஒரே பிள்ளை. அவருடைய அப்பாவும் ஒரே பிள்ளை. இதையெல்லாம் விட ஒரு விசேஷம், கலியமூர்த்தி வேலைக்கு நடந்தே போகிறவர். வீட்டில் வண்டியே கிடையாது.

நான் அந்த வீட்டு வாசலில் நின்று கடவுளைக் கும்பிட்டேன், நிஜமாகவே.

பெண் பார்க்கப் போன அன்று சுடலைமுத்து பைக்கில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பூங்கொடி உள்ளே போய் என்ன சொன்னாளாம் தெரியுமா?

"இதுக்கு முன்னாடி வந்தவங்க தல கலையாம வந்தாங்க. இவரு தல கலஞ்சு வந்தாரு. இவரே இருக்கட்டும்."

சுடலைமுத்து மனுவைத் திரும்ப வாங்கிக் கிழித்தான். அவன் அம்மா ஒரு மூட்டைக் கருப்பட்டியோடு ரயிலிறங்கினார். எங்கள் அலுவலகத்தில் ஒரு வாரம் கருப்பட்டிக் காபி மணத்தது.

ஏழு பேர்

இப்போது மண்டபத்துக்குத் திரும்பலாம். வாசல் பைக்குகளை எண்ணி முடித்த நான் பெண்ணின் அம்மா சரோஜாவைத் தேடிப் போனேன். அவர் தாம்பூலப் பைகளில் பீங்கான் கிண்ணம் போட்டுக்கொண்டிருந்தார்.

"சரோஜாக்கா, இவங்கல்லாம் யாரு?"

"எங்கூடப் பொறந்தவங்க ஏட்டம்மா. ஏழு பேரு. நாலு அண்ணன், மூணு தம்பி. நான் ஒரே பொண்ணு. பூங்கொடின்னா அவனுங்களுக்கு உசுரு. அதோ மீசை வெச்சுக்கிட்டு கீறாரே, அவருதான் எங்க பெரிய அண்ணன் தங்கராசு. நல்லூரு."

ஏழு தாய்மாமன்கள். ஏழு பேருக்கும் பிள்ளைகள், மருமகன்கள், சம்பந்திகள். நான் அப்பா வழியை மூன்று தலைமுறைக்கு விசாரித்தவள், அம்மா வழியில் ஒருவரைக்கூட விசாரிக்கவில்லை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் பெண்ணின் சடங்குக்கு என் அண்ணன் தம்பிகள் தட்டெடுத்து வந்து வாசலை அடைத்தபோது பெருமைப்பட்டவள் நான். இது எப்படி மறந்தது? யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷமாக நான் பூர்த்தி செய்த படிவங்களில் எல்லாம் தகப்பன் பெயருக்குத்தான் கட்டம் இருந்தது. போலீஸ்காரி புத்தி அந்தக் கட்டத்தோடு நின்றுவிட்டது.

பந்தியில் எஸ்.ஐ. ஐயா பாயசத்தை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். "ஏழு மாமனா?"

"ஆமாங்க ஐயா."

"அப்ப இவனும் நம்மளாட்டம்தான். எந்த ரோட்டுலயும் போட முடியாது. ஸ்டேஷன் டூட்டிக்கு எழுதிக் குடுத்துட்டு வேற ஆளு கேப்போம்."

"குடுப்பாங்களாங்க ஐயா?"

"குடுக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் பாயசத்தைக் குடித்தார்.

மேடையில் சுடலைமுத்து மாலையோடு சிரித்துக்கொண்டு நின்றான். பாலக்கரைக்காக ஊருக்குப் போகாமல் நின்றவன். அவனை நிறுத்தி வைத்ததும் நான், அவனுக்கு அந்த இடம் இல்லாமல் செய்ததும் நான். முந்தானையில் முடிந்து வைத்திருந்த அரிசியை அப்போதுதான் அவன் தலையில் போட்டேன்.

ஒரே ஒரு நாள்

எஸ்.ஐ. ஐயாவிடம் கெஞ்சி ஒரு நாள் வாங்கினேன். திங்கட்கிழமை ஒரு நாள் அவன் பாலக்கரையில் நிற்கட்டும். மாமன்கள் வந்து, இவன் விட்டுவிட்டான் என்றால் செவ்வாய்க்கிழமை எழுதிக் கொடுத்துவிடலாம்.

திங்கள் காலை நான் எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டேன். டீ வந்து ஆடை கட்டிவிட்டது. பள்ளிக்கூட நேரம். நல்லூர்ப் பக்கமிருந்து பெரிய மாமன் தங்கராசு பைக்கில் வந்தார். தலையில் காற்று விளையாடியது. முன்னால் உர மூட்டை. மருமகனைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

சுடலைமுத்து கையைக் காட்டி நிறுத்தினான்.

"என்னா மாப்ள, கல்யாணம் ஆயி மூணு நாள்கூட ஆவல, அதுக்குள்ள வந்து நின்னுட்ட?"

"வண்டிய ஓரமா வுடுங்க மாமா. ஹெல்மெட் எங்க மாமா?"

தங்கராசுவின் சிரிப்பு மெல்ல நின்றது. "மோதரம் போட்டவன் நானு" என்றார்.

"ஆமா மாமா. இந்தா கையில கெடக்கு." மோதிரக் கையாலேயே மெஷினை அழுத்தினான். சீட்டு வெளியே வந்தது. "உங்க தலைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவ என்னயத்தான் மாமா கேப்பா."

தங்கராசு சீட்டை வாங்கினார், வண்டியைத் திருப்பினார், வந்த வழியே போனார். நான் டீயைக் குடிக்காமல் எழுந்தேன். முருகவேல் சாப்பிட்ட ஓட்டல்தான் ஞாபகம் வந்தது. அவனாவது மூன்று நாள். இவனுக்கு ஏழு மாமன்.

சாயங்காலம் அலுவலக வாசலில் வரிசையாக வண்டிச் சத்தம். எட்டிப் பார்த்தேன். ஏழு பேர். எஸ்.ஐ. ஐயா சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு எழுந்தார். ஏழு பேரும் ஏழு புது ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். ஒன்றிலும் கடைக்காரன் ஒட்டிய பிளாஸ்டிக் இன்னும் உரியவில்லை.

"ஏட்டம்மா" என்றார் தங்கராசு. "எங்க மாப்ள காலேலேர்ந்து வெயில்ல நிக்கிறாரு. மாமனுக்கே சீட்டு குடுத்தாருன்னு டீக்கடயில பேசிக்கிறாங்க. அது பெருமதான். ஆனா அடுத்தடுத்து ஏழு பேரும் மாட்டுனோம்னா, பொண்ணு குடுத்த வூடு சரியில்லன்னுதான பேசுவாங்க? எங்க ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். பாலக்கரையில நிக்கிறது நம்ம வூட்டு மாப்ள, தலையில ஒண்ணு மாட்டாம எவனும் அந்தப் பக்கம் போவக் கூடாதுன்னு."

கடைசித் தம்பி பின்னாலிருந்து கேட்டார். "ஏட்டம்மா, மாப்ள எந்தெந்த நாளு அங்க இருப்பாரு? நாங்க அந்த வழியாவே வரணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

நோட்டு தலைகீழானது

அந்த வாரக் கடைசிக்குள் நல்லூர் ரோட்டில் ஹெல்மெட் போட்டவர்களைப் பார்த்து நாங்களே நம்பவில்லை. உறவு என்றால் சலுகை கேட்பார்கள் என்று இத்தனை வருஷம் பயந்து, நோட்டுப் போட்டு அவர்களை விலக்கி வைத்தேன். முருகவேலும் நாலாவது நாளும் தாக்குப் பிடித்திருந்தால், அந்தச் சித்தப்பாவே கடைக்குப் போயிருப்பார் போல. நாங்கள் முதல் முறைப்பிலேயே பயந்துவிட்டோம்.

அடுத்த டூட்டியை மாற்றிப் போட்டேன். அவரவர் மாமியார் ஊர் ரோட்டில் அவரவர். முருகவேல் என் மேஜைக்கு வந்து கையைப் பிசைந்தான். "ஏட்டம்மா, எனக்கு வேற எங்கியாவது போடுங்க, சோறு போயிடும்."

"போனா எங்க வூட்டுல வந்து சாப்புடு."

எஸ்.ஐ. ஐயா தாளை மேலிருந்து கீழ் வரை படித்தார். "எல்லாம் சரிங்க. உங்க பேர எங்க போட்டீங்க?"

நான் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்கு ரயில்வே ரோட்டில் தையல் கடை. தினமும் காலையில் வெறும் தலையோடு மொபெட்டில் போகிறவர். எத்தனையோ முறை வீட்டில் சொல்லியிருக்கிறேன், "வேர்க்குது தனம்" என்பார், விட்டுவிடுவேன். அந்த ரோட்டில் ஒருநாளும் நான் என்னைப் போட்டுக்கொண்டதில்லை. கௌரவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரார் தலைக்கெல்லாம் தொண்டை வற்றக் கத்தியவள், எனக்கு வேண்டிய ஒரே தலையை மட்டும் தினம் தினம் அப்படியே போகவிட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு அது உறைத்தது.

பேனாவை எடுத்து, ரயில்வே ரோடு, தனலட்சுமி என்று எழுதினேன்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு அவர் வந்தார். முன்னால் துணி மூட்டை. என்னைப் பார்த்ததும் மறந்துவிட்டுப் போன சாவி எதையோ கொடுக்க நிற்கிறேன் என்று நினைத்திருப்பார், பக்கத்தில் வந்து சிரித்தார். நான் கையைக் காட்டினேன்.

"வண்டிய ஓரமா நிறுத்துங்க."

"வெளாடாத தனம். ஜாக்கெட்டு வாங்க ஆளு வந்திருக்கும்."

"வெளாடலங்க. ஹெல்மெட் எங்க?"

பூக்காரம்மா, ஆட்டோக்காரர்கள், அவருடைய வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பெயர் கேட்டேன். சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா, மெஷினில் நானே அடித்தேன். சீட்டை நீட்டினேன். வாங்கி, எழுத்து எழுத்தாகப் படித்து, அளவு நாடா வைக்கிற சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இத்தினி வருசமா எங்கடி இருந்த?" என்றார். கோபமாகச் சொன்னாரா, இல்லையா என்று இன்று வரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு மொபெட்டைவிட்டு இறங்கி, துணி மூட்டையைச் சரி செய்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே கடை வரை நடந்தார். ஒருமுறைகூட ஏறவில்லை. அவர் கடை திறந்து விளக்குப் போடுகிற வரை நான் ரோட்டில் வேறு எந்த வண்டியையும் பார்க்கவில்லை.